கான்டாக்டர் முதல் பி.எல்.சி. வரை: மில்லுக்கு மின் சாமான் தேடி வாங்கும் வழி

மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸுக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வயரிங்கும் ஸ்டார்டரும் மோட்டார் கனெக்‌ஷனும் ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். கெட்டுப்போன சாமானுக்கு மாற்று எங்கே கிடைக்கும், கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும், கம்பெனியே தயாரிப்பதை நிறுத்திவிட்ட பொருளை எங்கே போய்த் தேடுவது என்பதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொல்லித் தருவதில்லை. ராத்திரி ஷிப்டில் மெஷின் நின்ற பிறகுதான் அதைக் கற்றுக்கொள்கிறோம். அந்த நேரத்தில் கற்பது மில்லுக்கும் நஷ்டம், நமக்கும் ஆபத்து.

கோயம்புத்தூர்ப் பக்கத்து மில்களை வைத்துத்தான் பேசுகிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகு இங்கே மில்கள் வேகமாகப் பெருகின. அன்றிலிருந்து ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் அந்தந்தக் காலத்துச் சாமானைப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். அதனால் ஒரே கூரையின் கீழ் சுழலும் தட்டு வைத்த பழைய ரிலேயும் இருக்கும், மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும், போன மாதம் வாங்கிய ட்ரைவும் இருக்கும். இரண்டுக்கும் உதிரி தேடுவது நம் வேலை. ஃபவுண்டரி, பேப்பர் மில், சர்க்கரை ஆலை எதுவானாலும் முறை இதேதான்.

முதல் வேலை: நேம் பிளேட்

கடைக்குப் போன் போடும் முன் சாமானின் நேம் பிளேட்டைத் துடைத்துப் படம் எடுங்கள். முன்பக்கம் மட்டும் போதாது. பக்கவாட்டு, காயில் மேல் எழுதியிருப்பது, டெர்மினல் எண்கள், மவுன்டிங் துளைகள், எல்லாம் வேண்டும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. ‘முப்பத்திரண்டு ஆம்பியர் கான்டாக்டர் ஒண்ணு வேணும்’ என்று மட்டும் கேட்டால் அவர் கையில் இருப்பதைத்தான் கொடுப்பார். அதில் அவர்மேல் தப்பில்லை.

பார்ட் நம்பரைப் படிக்கப் பழகுங்கள். ஷ்னைடரின் எல்சி1-டி32-எம்7 (LC1D32M7) என்ற கான்டாக்டரை எடுத்துக்கொள்வோம். கான்டாக்டர் என்பது, காயிலுக்கு மின்சாரம் கொடுத்தால் இழுத்து மோட்டாருக்கு சப்ளையைச் சேர்க்கும் ஸ்விட்ச். டி32 என்பது மோட்டார் லோடுக்கு 32 ஆம்பியர். கடைசியில் வரும் எம்7 என்பது காயில் 220 வோல்ட் ஏ.சி. அந்த இடத்தில் எஃப்7 இருந்தால் 110 வோல்ட், பி.டி. (BD) இருந்தால் 24 வோல்ட் டி.சி. பார்வைக்கு அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். கடைசி இரண்டு எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் ஒன்று காயில் இழுக்காது, இல்லாவிட்டால் புகைந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் அவசரத்தில் ஒரு கடையிலிருந்து ஆறு கான்டாக்டர் வாங்கி வந்தேன். நம் கன்ட்ரோல் சப்ளை 230, வந்த காயில் 110. கடைக்காரர் பெட்டியைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. மாட்டிப் பார்த்த முதல் காயில் சில நிமிடத்தில் கருகியது. அன்றிலிருந்து பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் காயிலின் மேல் எழுதியிருப்பதைப் படிக்கிறேன்.

இன்னொரு பொறியும் அதே நேம் பிளேட்டில்தான் இருக்கிறது. மேலே சொன்ன 32 ஆம்பியர் கான்டாக்டரில் 50 ஆம்பியர் என்றும் எழுதியிருக்கும். அது ஏ.சி.-1, அதாவது ஹீட்டர் மாதிரியான லோடுக்கு. மோட்டாருக்கு ஏ.சி.-3 வரிசையில் உள்ள எண்தான் கணக்கு. 415 வோல்ட்டில் 15 கிலோவாட் மோட்டார் சுமார் 28 ஆம்பியர் இழுக்கும், அதற்கு அந்த 32 சரியாக இருக்கும். 50 என்று படித்துவிட்டு 25 கிலோவாட் மோட்டாரில் மாட்டினால் கான்டாக்ட் ஒட்டிக்கொள்ளும். ஹாய்ஸ்ட், கிரேன் போல அடிக்கடி தட்டித் தட்டி ஓட்டும் இடமென்றால் ஏ.சி.-4 எண்ணைப் பார்க்க வேண்டும், அது இன்னும் குறைவாக இருக்கும்.

மோட்டாருக்கு எச்பியும் வேகமும் போதாது. ஃபிரேம் சைஸ், பாதமா ஃபிளேஞ்சா, ஷாஃப்ட் விட்டம் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். 132 ஃபிரேமுக்கு ஷாஃப்ட் 38 மி.மீ., 160க்கு 42 மி.மீ. புல்லி உள்ளே போகவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை லேத் பட்டறை தேடி அலைவதைவிட, முன்பே வெர்னியர் வைத்து அளந்துவிடுவது எளிது.

கம்பெனி பெயர் மாறியிருக்கும், சாமான் அதேதான்

புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். பழைய பேனலில் இருக்கும் பெயரைத் தேடினால் அப்படி ஒரு கம்பெனியே இல்லை என்று தோன்றும். சாமான் வேறு பெயரில் இன்னும் கிடைத்துக்கொண்டிருக்கும்.

சி.டி.ஜி. ஓவர் கரண்ட் ரிலேயைப் பாருங்கள். எச்.டி. (உயர் மின்னழுத்த) பேனல்களில் கண்ணாடி மூடிக்குள் தட்டு சுழலுமே, அதுதான். சென்னை பல்லாவரம் தொழிற்சாலையின் ரிலேகள் நம் ஊர் முழுக்க இருக்கின்றன. வாங்கிய வருடத்தைப் பொறுத்து அதன் முகப்பில் இங்கிலீஷ் எலக்ட்ரிக், ஜி.இ.சி., ஆல்ஸ்டம், அரேவா என்று ஏதாவது ஒரு பெயர் இருக்கும். கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஜி.இ. வசம் வந்தது. ஆக, ஐந்து பெயர்களில் தேட வேண்டும். புதியவர்கள் பழைய சாமான் விற்பவரிடம் ‘ஆல்ஸ்டம் ரிலே இருக்கா’ என்று கேட்டு, அவர் இல்லை என்றதும் போனை வைத்துவிடுவார்கள். அதே ரிலே அரேவா பெயரில் அவர் அலமாரியிலேயே இருந்திருக்கும்.

எல் அண்டு டி ஸ்விட்ச்கியரும் அப்படித்தான். அந்தப் பிரிவை 2020 ஆகஸ்டில் ஷ்னைடர் வாங்கியது, 2024இல் லாரிட்ஸ் க்னுட்சென் என்று பெயர் வைத்தார்கள். எம்.என்.எக்ஸ். கான்டாக்டர் கேட்டால் புதுப் பெட்டியில் வந்து நிற்கும், போலி என்று பயந்து திருப்பி அனுப்ப வேண்டாம். டெலிமெக்கானிக் என்று பொறித்த கான்டாக்டர்களும் இன்று ஷ்னைடர்தான். ஜி.இ.யின் தொழிற்சாலை ஸ்விட்ச்கியர் பிரிவு 2018இல் ஏ.பி.பி.க்குப் போனது. கிராம்ப்டன் கிரீவ்ஸ் மோட்டார் இப்போது சி.ஜி. பவர். பெங்களூரு என்.ஜி.இ.எஃப். மட்டும் மூடியே போய்விட்டது. அதன் மோட்டார்கள் பல மில்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன, அதற்கு ரீவைண்டிங்கும் பேரிங்கும்தான் வழி.

ஒரு நோட்டுப் போட்டு உங்கள் மில்லில் உள்ள பெயர்களுக்கு மட்டும் இப்படிப் பழைய பெயர், புதுப் பெயர் எழுதி வையுங்கள். ஒரு பக்கத்துக்குமேல் வராது.

புதுசாகக் கிடைக்கும் சாமானென்றால்

இது சுலபமான பாதி. கம்பெனியின் இணையதளத்தில் பார்ட் நம்பரைப் போட்டால் இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா, நிறுத்தப் போகிறார்களா, மாற்று என்ன என்று வந்துவிடும். அங்கீகரிக்கப்பட்ட டீலர்கள் யார் என்பதும் அங்கேயே இருக்கும். இரண்டு மூன்று டீலரிடம் கொட்டேஷன் வாங்குங்கள். அதில் பார்ட் நம்பரை முழுசாக எழுதச் சொல்லுங்கள். ‘கான்டாக்டர் 32 ஆம்பியர் – 6’ என்று வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். எத்தனை நாளில் வரும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதி வாங்க வேண்டும். 10 சதவீதம் குறைவாகக் கிடைத்து எட்டு வாரம் காத்திருப்பதில் லாபமில்லை.

போலி நிறைய இருக்கிறது, குறிப்பாக எம்.சி.பி., கான்டாக்டர், பேரிங். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று காட்டும். கடையின் ஜி.எஸ்.டி. எண்ணையும் அரசுத் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். தமிழ்நாட்டுக் கடையென்றால் அந்த எண் 33இல் தொடங்கும். எடையும் கையில் காட்டிக்கொடுக்கும்: செம்பும் வெள்ளியும் குறைத்த கான்டாக்டர் அசலைவிட லேசாக இருக்கும்.

பெரிய கரண்டுக்கான பிரேக்கரான எம்.சி.சி.பி. வாங்கும்போது ஆம்பியரோடு கிலோ ஆம்பியரையும் கேளுங்கள். ஷார்ட் சர்க்யூட்டில் எவ்வளவு கரண்டை உடையாமல் வெட்டும் என்பது அது. உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 1000 கே.வி.ஏ., 433 வோல்ட், இம்பிடன்ஸ் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முழு லோடு கரண்ட் சுமார் 1333 ஆம்பியர். அதை 0.05ஆல் வகுத்தால் 26.7 கிலோ ஆம்பியர் வருகிறது. மெயின் பேனலில் 16 கிலோ ஆம்பியர் பிரேக்கர் போட்டால் ஃபால்ட் வரும்போது அது வெட்டாது, வெடிக்கும். இருநூறு ஆம்பியர் என்ற எண், கிலோ ஆம்பியர் குறைந்ததிலும் கூடியதிலும் ஒன்றாக இருக்கும், விலை மட்டும் வித்தியாசமாக இருக்கும். பர்ச்சேஸ் பிரிவு குறைந்த விலையைத்தான் தேர்ந்தெடுக்கும். அதனால் சாமான் கேட்டு எழுதும் இன்டென்டிலேயே கிலோ ஆம்பியரை எழுதிவிடுங்கள். இது பேனல் முன்னால் நிற்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட எண்.

தயாரிப்பு நின்றுபோன சாமானை எங்கே தேடுவது

முதலில் மில்லுக்குள்ளேயே தேடுங்கள். நிறுத்திப் போட்ட ரிங் ஃபிரேமின் பேனல், கோடவுன் மூலையில் கிடக்கும் பழைய எம்.சி.சி. (மோட்டார் ஸ்டார்டர்கள் அடங்கிய பேனல்), பயன்படுத்தாத ஸ்பேர் ஃபீடர், ஸ்டோர் பரணில் பெயர் தெரியாமல் கிடக்கும் பெட்டிகள். ஸ்கிராப்காரருக்கு எடை போடும் நாளில் எலக்ட்ரிகல் ஆள் ஒருவர் கூட நிற்க வேண்டும் என்று மேனேஜரிடம் கேட்டு வாங்குங்கள். கிலோ கணக்கில் போன ஒரு டைமர் கார்டைப் பல மடங்கு விலை கொடுத்துத் திரும்ப வாங்கிய கதை நிறைய மில்லில் உண்டு.

அடுத்தது பக்கத்து மில். ஒரே காலத்தில் ஒரே மெஷின் வாங்கியவர்களிடம் ஒரே உதிரி இருக்கும். மெயின்டனன்ஸ் ஆட்களின் வாட்ஸப் குழுவில் படத்தைப் போட்டால் ‘எங்க ஸ்டோர்ல ரெண்டு இருக்குதுங்ணா’ என்று பதில் வருவதைப் பல முறை பார்த்திருக்கிறேன். வாங்கினால் எழுத்தில் வாங்கி, சொன்ன தேதியில் திருப்பிக் கொடுங்கள். இந்த உறவுதான் நம் தொழிலில் பெரிய ஸ்டோர்.

அப்புறம் பேனல் செய்பவர்கள், ரீவைண்டிங் கடைக்காரர்கள். பேனல் பில்டரிடம் ஆர்டர் ரத்தான சாமான் பெட்டி பிரிக்காமல் கிடக்கும். வெளிச் சந்தையென்றால் கோவையில் உக்கடம் பழைய சாமான் கடைகள், சென்னையில் எலக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி தெரு, பெங்களூருவில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லோஹார் சால், டெல்லியில் பாகீரத் பேலஸ். அரசு நிறுவனங்கள் கழித்துக்கட்டும் இயந்திரங்கள் மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி.யின் மின்னேலத்தில் வரும். அவை இருக்கும் இடத்தில் இருக்கும் நிலையில் விற்கப்படுபவை, போய்ப் பார்க்காமல் விலை கேட்காதீர்கள்.

குஜராத்தின் ஆலங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கப்பல் உடைக்கும் அந்தக் கடற்கரையிலிருந்து வரும் பிரேக்கர், மோட்டார், பி.எல்.சி. (மெஷினைப் புரோகிராம்படி இயக்கும் கன்ட்ரோலர்) கார்டுகளை பாவ்நகர் வியாபாரிகள் நாடு முழுக்க விற்கிறார்கள். நல்ல தரமான ஐரோப்பிய, ஜப்பானியச் சாமான்கள். வேறெங்கும் கிடைக்காத கார்டு அங்கே கிடைப்பது உண்டு. ஆனால் பெரும்பாலான கப்பல்களில் மின்சாரம் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நம்முடையது 415, 50. அந்த மோட்டாரை நேராக நம் லைனில் போட்டால் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், 1800 சுற்று 1500 ஆகும். வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள்: அங்கே 7.3, இங்கே 8.3. இரும்புக் கோர் அளவுக்கு மீறிக் காந்தமேறிச் சூடாகும். கான்டாக்டர் காயிலுக்கும் இதே கதை. ஆகவே நேம் பிளேட்டில் ஹெர்ட்ஸ் என்ன என்று கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

பழைய சாமான் கடைக்காரரிடம் சீமென்ஸ் பி.எல்.சி.யின் 315 என்ற சி.பி.யு. பற்றிப் பேசுவது இப்படி இருக்கும்:

“ஏனுங்க, அந்த 315 சி.பி.யு. இருக்குதுன்னு சொன்னாங்க.”

“இருக்குதுங்க தம்பி. நல்லா ஓடிட்டிருந்தது.”

“பெட்டி பிரிக்காததுங்களா, கழட்டினதுங்களா?”

“கழட்டினதுதானுங்க.”

“மெமரி கார்டு கூட வருதுங்களா? பவர் குடுத்து லைட் எரியறத வீடியோ எடுத்து அனுப்ப முடியுங்களா? சீரியல் நம்பர் தெரியற மாதிரி.”

இந்த மூன்றையும் கேட்டால் போதும், நீங்கள் விவரம் தெரிந்தவர் என்பது அவருக்குப் புரிந்துவிடும். பேச்சு அப்போதே நேராகிவிடும். பெட்டி பிரிக்காத பழைய சரக்கு, பயன்படுத்திக் கழற்றியது, பழுது பார்த்துச் சோதித்தது ஆகிய மூன்றுக்கும் மூன்று விலை. எது என்பதை பில்லில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை நாள் வாரண்டி, ஓடாவிட்டால் பணமா மாற்றா என்பதும் பில்லிலேயே வர வேண்டும்.

எதைப் பழையதாக வாங்கலாம், எதைக் கூடாது என்பதில் என் கருத்து உறுதியானது. ஃபியூஸ், எம்.சி.பி., எம்.சி.சி.பி. மூன்றையும் பழையதாக வாங்கவே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் ஃபால்ட்டை ஒரு முறை சந்தித்ததா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய ஏர் பிரேக்கரான ஏ.சி.பி.யை வாங்கலாம், பிரித்துச் சுத்தம் செய்து சோதிக்க முடியும். ரிலே, கான்டாக்டர், பி.எல்.சி. கார்டு, ட்ரைவ் ஆகியவற்றைச் சோதனைக்கு உட்பட்டு வாங்கலாம். மிகப் பழைய கான்டாக்டர், பிரேக்கர்களின் ஆர்க் ஷூட்டில், அதாவது தீப்பொறியை அடக்கும் தடுப்பில், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதை அரம் போட்டுத் தேய்ப்பதோ ஏர் அடிப்பதோ கூடாது.

பி.எல்.சி.

சீமென்ஸ் எஸ்7-300 நம் பக்கம் நிறைய இருக்கிறது. 2023 அக்டோபர் முதல் அது வழக்கமான விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது, உதிரியாக 2033 வரை கிடைக்கும் என்று கம்பெனி அறிவித்திருக்கிறது. அப்படியென்றால் உங்களுக்கு இருக்கும் காலம் எவ்வளவு என்று தேதியோடு தெரிகிறது. அடுத்த தலைமுறையான எஸ்7-1500க்கு மாற்றத் திட்டம் போடுங்கள். முதலில் மாற்றும் மெஷினிலிருந்து கழற்றிய கார்டுகளே மற்ற மெஷின்களுக்கு உதிரியாகிவிடும். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றப் பணம் இல்லாத மில்லுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கார்டு கிடைத்தும் மெஷின் ஓடாமல் போவது பெரும்பாலும் புரோகிராம் இல்லாததால்தான். பழைய எஸ்5 சி.பி.யு.க்களில் பேட்டரி தீர்ந்த நிலையில் மின்சாரம் போனால், ரேமில் இருந்த புரோகிராமும் போய்விடும். எஸ்7-300 மெமரி கார்டைப் பவர் இருக்கும்போது உருவக் கூடாது. எனவே கார்டு தேடுவதற்கு முன் புரோகிராமை எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். ட்ரைவுகளின் பாராமீட்டரையும் கீபேடில் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிவைக்கலாம், அரை நாள் வேலை.

வந்து இறங்கியதும்

பெட்டி வந்த அன்றே சோதியுங்கள். தேவைப்படும் நாள்வரை பிரிக்காமல் வைத்தால் வாரண்டி முடிந்திருக்கும். கான்டாக்டரென்றால் இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகரில் ஃபேஸுக்கு ஃபேஸ், ஃபேஸுக்கு எர்த் பாருங்கள். பிறகு காயிலுக்கு, வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர்ஸ்டாட்டில் வோல்ட்டேஜைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். குறித்த வோல்ட்டேஜில் 85 சதவீதத்திலேயே தடங்கலில்லாமல் இழுக்க வேண்டும், 110 சதவீதம்வரை தாங்க வேண்டும். இழுத்த பின் உறுமினால் கோர் முகத்தில் துருவோ அழுக்கோ இருக்கிறது என்று பொருள். பாதுகாப்பு ரிலேயை, சோதனைக் கரண்ட் செலுத்தும் இன்ஜெக்‌ஷன் கிட் வைத்திருப்பவரிடம் கொடுத்து ட்ரிப் நேரத்தைச் சரிபார்க்காமல் பேனலில் ஏற்றாதீர்கள்.

வருடக் கணக்கில் கிடந்த ட்ரைவுக்கு நேராக 415 கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் சும்மா கிடந்தால் பலம் இழக்கும். திடீரென்று முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் வெடிக்கக்கூடும். மேனுவலில் சொன்ன முறைப்படி, மெல்ல மெல்ல வோல்ட்டேஜை ஏற்றி அதை மீட்டெடுக்க வேண்டும். உங்கள் ஸ்டோரில் உதிரியாக இருக்கும் ட்ரைவுக்கும் வருடம் ஒரு முறை பவர் கொடுத்து வைப்பது நல்லது.

11 அல்லது 22 கே.வி. பக்கத்துச் சாமான், டிரான்ஸ்ஃபார்மர் மாதிரியானவை என்றால், மாற்றும் முன் மின் ஆய்வுத் துறையின் அனுமதி பற்றி உங்கள் லைசென்ஸ் பெற்ற கான்ட்ராக்டரிடம் கேளுங்கள். சோதனைச் சான்றிதழ் இல்லாத பழைய எச்.டி. சாமானை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

மெஷின் ஓடும்போதே செய்ய வேண்டியது

மேலே சொன்ன தேடலெல்லாம் நிதானமாகச் செய்தால்தான் பலிக்கும். வரும் ஷட்டவுனில் ஒரு பேனல், அடுத்ததில் ஒரு பேனல் என்று நேம் பிளேட் விவரங்களை எக்செலில் ஏற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்வி: இது போனால் என்ன நிற்கும்? இன்னும் தயாரிப்பில் இருக்கிறதா? நம்மிடம் உதிரி உண்டா? மெஷினை நிறுத்தும், தயாரிப்பும் நின்றுவிட்டது, உதிரியும் இல்லை என்று வருபவற்றுக்குச் சிவப்பு நிறம் கொடுங்கள். ஒரு நடுத்தர மில்லில் அப்படிப் பத்துப் பதினைந்து வரலாம். அந்தப் பட்டியலைத்தான் மேனேஜரிடம் எடுத்துப் போக வேண்டும், அதற்குத்தான் பணம் கேட்க வேண்டும். ஹியூமிடிஃபிகேஷன் ஃபேனுக்கு ஒரு உதிரி கான்டாக்டர் தாமதமாகலாம். கம்ப்ரசரின் கன்ட்ரோலர் கார்டு தாமதமாகக் கூடாது.

வாங்கிச் சோதித்த ஒவ்வொரு சாமானிலும் ஒரு அட்டை கட்டுங்கள். எந்த மெஷினுக்கு, எங்கே வாங்கியது, எந்தத் தேதியில் சோதித்தது, மெகர் ரீடிங் எவ்வளவு, யார் சோதித்தது என்று பேனாவால் எழுதி, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அதைத் தேடி வருபவர் நீங்களாக இல்லாமல் போகலாம். அவருக்கும் புரிகிற மாதிரி தமிழில் எழுதுங்கள்.